மூன்று கேமரா, ஒரே பயணம்: எந்தப் படம் முதலில்?

மேட்டுப்பாளையத்தில் ஏறி, மலை ரயிலில் ஊட்டிக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்பா கையில் செல்போன். சித்தப்பா கழுத்தில் பெரிய கேமரா. சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் அத்தையிடம் சட்டைப்பையில் அடங்கும் சின்னக் கேமரா. மூவரும் வழியெல்லாம் படம் எடுத்துத் தள்ளுகிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாப் படங்களையும் கணினியில் ஒரே ஃபோல்டரில் கொட்டி, நேர வரிசைப்படி அடுக்கச் சொல்கிறீர்கள். கணினியும் நொடியில் அடுக்கிவிடுகிறது. பார்த்தால் ஒரே குழப்பம்! ரயில் குகைக்குள் நுழைவதற்கு முன்பே வெளியே வந்துவிடுகிறது. கல்லாரில் எடுத்த படம், குன்னூர்ப் படங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது.

கணினி தப்பாக அடுக்கிவிட்டதா? இல்லை தம்பி தங்கைகளே, அது சொன்னதைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. பிரச்சினை கேமராக்களுக்குள் ஓடும் கடிகாரங்களில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய உங்களுக்குக் கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

படத்தோடு ஒட்டி வரும் குறிப்பு

டிஜிட்டல் கேமராவில் பொத்தானை அழுத்தியதும் படம் மட்டும் பதிவாவதில்லை. எந்தக் கேமரா, எவ்வளவு வெளிச்சம் உள்ளே விடப்பட்டது, எந்த நாள், எத்தனை மணி என்ற விவரங்களும் அதே கோப்புக்குள் பதிவாகின்றன. இந்தக் குறிப்புக்கு ‘எக்ஸிஃப்’ என்று பெயர். 1995-இல் ஜப்பான் மின்னணுத் தொழில் அமைப்பு ஒன்று இதற்கான விதிகளை வகுத்தது. இன்றைக்கும் செல்போனிலிருந்து பெரிய கேமரா வரை எல்லாம் இந்த விதிகளின்படியே எழுதுகின்றன.

அதில் நேரம் இப்படி இருக்கும்: 2024:05:11 10:32:40. முதலில் ஆண்டு, பிறகு மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. நாம் வழக்கமாக நாளை முதலிலும் ஆண்டைக் கடைசியிலும் எழுதுகிறோம். கேமரா ஏன் தலைகீழாக எழுதுகிறது?

கணினி எழுத்துகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வரிசைப்படுத்தும். மே 11-ஐ 11-05-2024 என்றும், ஜூன் 2-ஐ 02-06-2024 என்றும் எழுதினால், 0 சிறியது, 1 பெரியது என்று பார்த்து ஜூனை முன்னால் வைத்துவிடும். பெரிய அலகான ஆண்டை முதலில் எழுதினால் இந்தத் தொல்லை வராது. உங்கள் ஃபோல்டர்களுக்கும் இப்படியே 2024-05-11 என்று பெயர் வைத்துப் பாருங்கள், தானாகவே வரிசையில் நிற்கும்.

அப்படியானால் படத்தின் பெயரில் இருக்கும் எண்ணை வைத்தே அடுக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரே கேமரா என்றால் பெரும்பாலும் சரி வரும். ஆனால் சித்தப்பா கேமராவின் 214-ஆம் படமும் அத்தை கேமராவின் 214-ஆம் படமும் ஒரே நேரத்தில் எடுத்தவை அல்லவே! அதோடு, பல கேமராக்களில் எண் 9999 வரை போய் மறுபடி 0001-இல் தொடங்கும். அன்றைய கடைசிப் படம் முதல் படமாகிவிடும்.

கணினி காட்டும் ‘மாற்றிய தேதி’யையும் நம்ப வேண்டாம். படத்தில் ஒரு சின்னத் திருத்தம் செய்தால்கூட அது மாறிவிடும். நமக்கு வேண்டியது, படம் ‘எடுத்த’ நேரம். அது எக்ஸிஃப் குறிப்பில் இருக்கிறது.

கடிகாரம் ஏன் பிசகுகிறது?

சித்தப்பாவின் கேமராவை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டாலும் அதற்குள் ஒரு சின்னக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் உயிர்நாடி ஒரு குவார்ட்ஸ் படிகம். நெல்மணி அளவுகூட இல்லாத இந்தப் படிகத்தை, பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் இசைக்கவையின் வடிவில் வெட்டியிருப்பார்கள்.

குவார்ட்ஸை அழுத்தினால் அதில் மின்சாரம் பிறக்கும் என்று 1880-இல் கண்டுபிடித்தவர்கள் பிரான்ஸைச் சேர்ந்த ஜாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள். மின்சாரம் கொடுத்தால் குவார்ட்ஸ் அதிரும் என்பதும் அடுத்து உறுதியானது. அந்த அதிர்வு மிகச் சீரானது. அதைக் கொண்டு 1927-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை உருவாக்கினார்கள்.

இன்றைய கைக்கடிகாரங்களில் உள்ள படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விநோதமான எண்? பென்சிலை எடுங்கள். 32,768-ஐப் பாதியாக்குங்கள், வந்த விடையை மறுபடி பாதியாக்குங்கள். இப்படி 15 முறை செய்தால் மிச்சமில்லாமல் 1 வரும். மின்சுற்றுக்கு மிக எளிதான கணக்கு பாதியாக்குவதுதான். 15 முறை பாதியாக்கியதும் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடுகிறது.

ஆனால் எந்தப் படிகமும் அச்சு அசலாக 32,768 முறை அதிராது. வெட்டியதில் இருக்கும் நுண்ணிய வேறுபாடு, சூடு, குளிர், வயது எல்லாம் அதைக் கொஞ்சம் மாற்றிவிடும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால்கூட ஒரு நாளைக்குச் சுமார் 1.7 நொடி தவறும். ஒரு நாளில் அது ஒன்றுமே இல்லை. ஓராண்டில்? பத்து நிமிடத்துக்கு மேல்! சித்தப்பா கேமராவை வாங்கிய அன்று நேரம் வைத்திருப்பார், அதற்கப்புறம் தொட்டிருக்க மாட்டார். பேட்டரி முழுக்க வற்றிப்போனால் சில கேமராக்கள் தேதியையே மறந்து, பல ஆண்டுக்கு முந்தைய ஒரு ஜனவரி 1-க்குப் போய்விடுவதும் உண்டு.

அப்பாவின் செல்போனுக்கு இந்தக் கவலை இல்லை. அது செல்போன் கோபுரத்திடமும் இணையத்திடமும் அவ்வப்போது சரியான நேரத்தைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஆகவே நம் கணக்குக்கு அப்பாவின் செல்போன்தான் ‘சரியான கடிகாரம்’.

ஒரு நொடி கிடைத்தால் போதும்

சித்தப்பா அன்று எடுத்த படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றாகவா திருத்துவது? வேண்டாம். ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவருடைய கடிகாரம் தப்பாக இருந்தாலும், அன்று முழுக்க ஒரே அளவு தப்பாகத்தான் இருக்கும். ஒரு நாளில் அது கூடுதலாகப் பிசகுவது ஒன்றிரண்டு நொடிதான். அந்தத் தப்பு எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், எல்லாப் படத்துக்கும் ஒரே மருந்து.

எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அப்பாவும் சித்தப்பாவும் ஒரே நொடியில் எடுத்த ஒரு காட்சியைத் தேட வேண்டும். குன்னூர் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து பெட்டிகளைப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வந்த நீராவி எஞ்சின் அங்கே கழன்றுகொள்ளும். அது புஸ்ஸென்று ஆவி விட்டதும் எல்லாரும் கேமராவைத் தூக்குவார்கள். அப்பா படத்திலும் சித்தப்பா படத்திலும் ஆவி மேகம் ஒரே வடிவத்தில் இருக்கிறது. எஞ்சின் பக்கத்தில் நிற்பவர் இரண்டிலும் ஒரே மாதிரி கையைத் தூக்கி முகத்தை மறைத்திருக்கிறார். இரண்டும் ஒரே நொடிதான், சந்தேகமில்லை.

இப்போது குறிப்பைப் பாருங்கள்.

அப்பா செல்போன்: 10:32:40
சித்தப்பா கேமரா: 10:19:25

கழித்தால் 13 நிமிடம் 15 நொடி. சித்தப்பாவின் கேமரா அவ்வளவு பின்தங்கி ஓடுகிறது. அவருடைய எல்லாப் படத்துக்கும் 13 நிமிடம் 15 நொடியைக் கூட்டிவிட வேண்டும். 8:05:10 என்று காட்டும் படம் உண்மையில் 8:18:25-க்கு எடுத்தது. ரயில் இனி ஒழுங்காக முதலில் குகைக்குள் நுழைந்து, பிறகு வெளியே வரும்.

விடை சரிதானா என்று பார்க்க, ஊட்டியில் இறங்கியபோது இருவரும் எடுத்த இன்னொரு பொதுக் காட்சியை எடுத்து மறுபடி கழித்துப் பாருங்கள். அதே 13:15 வந்தால் கணக்கு சரி.

அத்தையின் இரண்டரை மணி நேரம்

அத்தையின் கேமரா பிசகவே இல்லை. ஆனால் அது இன்னும் சிங்கப்பூர் நேரத்தில் ஓடுகிறது!

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 82.5-ஐ 4-ஆல் பெருக்கினால் 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி நேரம். கிரீன்விச் நேரத்தைவிட நாம் அவ்வளவு முன்னால் இருக்கிறோம். சிங்கப்பூர் 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. வித்தியாசம் இரண்டரை மணி நேரம்.

அத்தை கல்லாரில் எடுத்த படம் 10:02 என்று காட்டினால், இரண்டரை மணி நேரத்தைக் கழித்து 7:32 என்று கொள்ள வேண்டும். அது குன்னூர்ப் படங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்த மர்மம் இதுதான். தொடக்கத்தில் எக்ஸிஃப் விதிகளில் எந்த நாட்டு நேரம் என்று குறிக்கத் தனி இடமே இல்லை. 2016-இல்தான் அதைச் சேர்த்தார்கள். பழைய கேமராக்களுக்கு அது தெரியாது.

ஒன்றாகச் சேர்ப்பது எப்படி?

மூன்று கடிகாரமும் ஒத்துப்போய்விட்டன. இனிப் படங்களை ஒரே வரிசையாக்க வேண்டும். பள்ளியில் காலை வழிபாட்டுக்கு இரண்டு வகுப்புகள் தனித்தனியாக உயர வரிசையில் நிற்கின்றன. இரண்டையும் ஒரே வரிசையாக்க எல்லாரையும் கலைத்து மறுபடி நிறுத்துவாரா ஆசிரியர்? இரண்டு வரிசையிலும் முன்னால் நிற்கும் இருவரை மட்டும் பார்ப்பார். குட்டையானவரைப் புது வரிசைக்கு அனுப்புவார். மறுபடி முன்னால் நிற்கும் இருவரைப் பார்ப்பார். அவ்வளவுதான். இந்த வழியைக் கணினிக்கு 1945-இல் எழுதிக் காட்டியவர், ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜான் வான் நியூமன்.

செய்து பாருங்கள்: 1 முதல் 10 வரை துண்டுச் சீட்டில் எழுதிக் கலக்குங்கள். ஐந்தைந்தாக இரண்டு கட்டாக்கி, ஒவ்வொரு கட்டையும் சிறியது மேலே இருக்கும்படி அடுக்குங்கள். இப்போது மேலே இருக்கும் இரண்டு சீட்டை மட்டும் ஒப்பிட்டுச் சேர்த்துக்கொண்டே போங்கள். எத்தனை முறை ஒப்பிட்டீர்கள் என்று எண்ணுங்கள். 9-க்கு மேல் போகவே போகாது. ஏன் என்று யோசியுங்கள்.

கடிகாரமே இல்லாத படங்கள்

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எக்ஸிஃப் நேரக் குறிப்பு போய்விடும். ‘டாகுமெண்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே இருக்கும். பழைய பிலிம் படங்களிலோ குறிப்பே கிடையாது. அப்போது துப்பறிய வேண்டியதுதான்.

மலை ரயிலில் துப்புகளுக்குப் பஞ்சமில்லை. கல்லார், ஹில்குரோவ், குன்னூர், கேத்தி, லவ்டேல், ஊட்டி என்று நிலையங்களின் வரிசை மாறவே மாறாது. பெயர்ப் பலகை தெரிந்தால் இடம் தெரியும், இடம் தெரிந்தால் நேரம் தெரியும். குன்னூர் வரை நீராவி எஞ்சின், அதற்கு மேல் டீசல் எஞ்சின். ஆகவே மேலே ஏறும்போது டீசல் எஞ்சின் தெரியும் படம் குன்னூருக்குப் பிறகுதான். நிழலையும் பாருங்கள். காலையில் மேற்கே நீண்டிருக்கும் நிழல், நண்பகலில் குறுகி, மாலையில் கிழக்கே நீளும்.

வானத்தைப் பார்த்தே நாளையும் நிமிடத்தையும் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் அன்செல் ஆடம்ஸ், யோசெமிட்டி மலைகளுக்கு மேல் நிலா எழுவதை ஒரு படம் எடுத்தார். ‘இலையுதிர்கால நிலா’ என்பது அதன் பெயர். எந்த நாளில் எடுத்தது என்பது உறுதியாகத் தெரியாமலே இருந்தது. டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக வானியலாளர் டொனால்ட் ஓல்சனின் குழு, படத்தில் நிலா இருக்கும் இடத்தையும் மலையில் விழுந்த நிழலையும் வைத்துக் கணக்குப் போட்டது. 1948 செப்டம்பர் 15, மாலை 7:03 என்று விடை வந்தது. நிலாவின் பிறைகள் 19 ஆண்டுக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே தேதிகளுக்குத் திரும்பும். மூன்று 19 சேர்ந்தால் 57. ஆகவே 2005 செப்டம்பர் 15 அன்று நிறைய பேர் கேமராவோடு அதே மலைமுனைக்குப் போய், அதே நிலாவைப் படம் எடுத்தார்கள்.

அடுத்த பயணத்துக்கு முன்

நம்மிடம் இதைவிட எளிய வழி இருக்கிறது. கிளம்புவதற்கு முன், ஒரு செல்போனில் நொடி தெரியும்படி கடிகாரத்தைத் திறந்து மேசையில் வையுங்கள். எல்லாக் கேமராவாலும் அதை ஒரு படம் எடுங்கள். செல்போன் திரையில் தெரியும் நேரம் ஒன்று, கேமரா தன் குறிப்பில் எழுதிய நேரம் இன்னொன்று. இரண்டையும் கழித்தால் ஒவ்வொரு கேமராவின் பிசகும் கையில் வந்துவிடும். திரும்பி வந்ததும் இன்னொரு முறை எடுத்துச் சரிபாருங்கள்.

எல்லாப் படத்துக்கும் ஒரே நேரத்தில் கூட்டிக் கழித்துத் தரும் இலவச மென்பொருள்கள் உள்ளன. ‘எக்ஸிஃப்டூல்’ அவற்றில் ஒன்று. வீட்டுப் பெரியவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு செய்யுங்கள். மறக்காமல் முதலில் எல்லாப் படத்தையும் வேறோர் இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். கூட்ட வேண்டியதைத் தவறிக் கழித்துவிட்டாலும், நகல் இருந்தால் மறுபடி தொடங்கலாம்.