கணினியின் ஞாபகம்

கணக்கிடுதலே கணினியின் தலையாய தொழில் எனப் பலர் கருதுவர். ஆயின் கூட்டலுங் கழித்தலுஞ் செய்யும் பொறிகள் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் இருந்தன. அவற்றினின்றும் இன்றைய கணினியை வேறுபடுத்துவது, கட்டளைகளையும் அவற்றுக்குரிய எண்களையும் ஒருங்கே தன்னகத்து வைத்துக்கொள்ளும் ஆற்றலாகும். கணக்கிடுஞ் சுற்றுக்களை அமைத்த அறிஞர்க்கு, அவ்வெண்களை இருத்துதற்கு இடந்தேடுவதே பெருந்தொல்லையாயிற்று.

கணினி அறிந்த குறிகள் ஒன்று, பூச்சியம் என இரண்டேயாம். ஆதலின் இரு நிலைகளுள் ஒன்றில் நிற்கவல்ல எப்பொருளும் ஞாபகப் பொருளாகலாம். அத்தகைய குறியிடம் ஒவ்வொன்றும் ஒரு பிட் எனப்படும்.

மன்செஸ்ரர் சர்வகலாசாலையில் வில்லியம்சு, கில்பேண் என்னும் இருவரும் கதோட்டுக் கதிர்க்குழாயை இதற்குக் கருவியாக்கினர். குழாயின் முகப்பில் இலத்திரன் கற்றை பட்டவிடத்து மின்னேற்றப் புள்ளி தோன்றும், அப்புள்ளியே பிட். 32 வரியும் வரிக்கு 32 புள்ளியுமாக 1,024 பிட்கள் அதில் அடங்கின. மற்றொரு குழாய் அப்புள்ளிகளைக் கண்ணுக்குக் காட்டிற்று. விடையும் அத்திரையிலேயே படிக்கப்பட்டது. இடர்ப்பாடு யாதெனில், மின்னேற்றம் ஒரு செக்கனுக்குள்ளேயே கசிந்து மறைந்துவிடும். அதனால் பொறி ஒவ்வொரு வரியையும் இடையறாது படித்துப் படித்து மீள எழுதிற்று. பழைய ஏடு செல்லரித்துச் சிதையுமுன் புதிய ஓலையிற் பிரதி செய்த நம் முன்னோர் வழக்கமும் இதுவே, காலவளவே வேறு.

1948 ஆம் ஆண்டு யூன் 21 ஆந் திகதி அப்பொறி, 262,144 என்னும் எண்ணின் மிகப் பெரிய காரணியை, அவ்வெண் நீங்கலாக, 52 நிமிடத்திற் கண்டது. கீழ்வகுப்பு மாணவனும் அதனைப் பாதியாக்கி 131,072 என உடனே கூறிவிடுவான். பொறியோ ஒவ்வோர் எண்ணாக இறங்கி முயன்றது. அத்துணை நேரமும் ஒரு புள்ளியேனும் பிறழாது நின்றதா என்பதே அங்குச் சோதிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு கேம்பிறிட்ஜில் வில்க்ஸ் என்பார் அமைத்த எட்சாக் பொறி பாதரசத்தைக் கையாண்டது. ஏறத்தாழ ஐந்தடி நீளக் குழாயின் ஒரு முனையில் மின்துடிப்பு ஒலித்துடிப்பாக மாறிப் பாதரசத்தினூடே சென்று, மறுமுனையில் மீண்டும் மின்துடிப்பாகித் தொடக்கத்துக்கு அனுப்பப்படும். வேண்டிய எண் சுற்றிவரும் வரை பொறி காத்திருத்தல் வேண்டும். விடையைத் தொலையச்சுப் பொறி தாளிற் பதித்தது.

1953 இல் அமெரிக்காவின் மசச்சூசெற்சுத் தொழினுட்பக் கழகத்துப் பொறெஸ்ரர் குழுவினர் வேர்ள்விண்ட் பொறியிற் காந்த வளையங்களைப் பொருத்தினர். குறுக்கும் நெடுக்குமான கம்பிகளின் சந்திகள்தோறும் ஒரு சிறு வளையம் கோக்கப்பட்டது. வளையத்தைத் திருப்புதற்கு வேண்டிய மின்னோட்டத்திற் பாதி ஒரு கம்பியிலும் மறுபாதி மற்றதிலும் செல்ல, அவ்விரண்டுஞ் சந்திக்கும் வளையமொன்றே திரும்பும். மின்சாரம் நின்றாலும் அது தன் நிலையை மறவாது. இத்துணை அழகிய உத்தி பின்னர்க் கைவிடப்பட்டது சற்று வருந்தத்தக்கதே. ஆயின் வளையங்களைக் கோப்பது கடினமான கைவேலை.

ஐ.பி.எம். நிறுவனத்து டெனார்ட் ஒரு திரான்சிஸ்ரரும் ஒரு கொள்ளளவியுங் கொண்ட பிட்டிற்கு 1968 இல் ஆக்கவுரிமை பெற்றார். 1970 இல் இன்ரெல் வெளியிட்ட 1103 என்னுஞ் சில்லு, மன்செஸ்ரர் குழாய் தாங்கிய அதே 1,024 பிட்களைத் தாங்கிற்று. இன்றைய கணினியின் ஞாபகமும் கசியும் மின்னேற்றமே. செக்கனொன்றிற் பதினைந்து முறைக்கு மேல் அது புதுப்பிக்கப்படுகின்றது; மின்சாரம் அற்றால் யாவும் அறும்.

ஆகவே நிலையான தேக்கம் வேறாக வேண்டப்பட்டது. 1956 இல் ஐ.பி.எம். வெளியிட்ட றாமாக் பொறியின் காந்தத் தட்டுக்கள் ஐம்பது; ஒவ்வொன்றின் விட்டம் 24 அங்குலம். ஐம்பது இலட்சம் எழுத்துக்களே அதன் கொள்ளளவு. இன்று சட்டைப் பையில் அடங்கும் சில்லு அதனினும் பன்மடங்கு கொள்ளும்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதை அறிந்தோர்க்கு, எழுத்தைப் பல பிரதிகளாக்குதலின் தேவையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் அப்பணியைச் செய்து வருகின்றது. எனினும் பிரதி இருந்தால் மட்டும் போதாது. அதனைப் படிக்கும் பொறியும் இருத்தல் வேண்டும். இங்கிலாந்து மன்னன் முதலாம் வில்லியம் 1086 இல் எழுதுவித்த நிலப்பதிவேட்டின் தொள்ளாயிரமாம் ஆண்டு நிறைவையொட்டி, பி.பி.சி. 1986 இல் நாட்டு விவரங்களை லேசர் தட்டுக்களிற் பதித்தது. தோலில் எழுதிய பழைய ஏடு இலண்டனில் இன்றும் உளது, கற்றோர் படிக்கின்றனர். புதிய தட்டுக்களுக்குரிய கருவிகளோ பதினைந்தாண்டுகளுள் அரிதாகிவிட்டன. 2002 இல் லீட்ஸ், மிச்சிகன் சர்வகலாசாலைகளின் ஆய்வாளர், அப்பழைய பொறியைப்போல் இயங்கும் நிரலொன்றைப் புதிய கணினிக்கு எழுதியே அவற்றைப் படித்தனர்.