சி டிரைவை அழிக்கும் முன்

மாமல்லபுரம் சிற்பக்கூடங்களில் இன்று உளிக்குப் பக்கத்திலேயே கணினியும் இருக்கிறது. சிலைகளின் அளவுப் படங்கள், முடித்துக் கொடுத்த வேலைகளின் புகைப்படங்கள், கணக்கு வழக்கு எல்லாம் அதில்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால், "புதுசா விண்டோஸ் போட்டுடலாம்" என்று பலரும் இறங்குகிறார்கள். போடலாம். ஆனால், டெஸ்க்டாப்பில் நாம் வைப்பதெல்லாம் பெரும்பாலும் விண்டோஸ் இருக்கும் அதே சி டிரைவில்தான் கிடக்கிறது. அதை ஃபார்மட் செய்தால் அத்தனையும் போய்விடும்!

கணினி ஓடுகிறதா? 'ரீசெட்' பகுதியில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்புகள் தங்கும், நிறுவிய மென்பொருள்கள் போகும். விண்டோஸ் திறக்கவே இல்லையா? ஹார்டு டிஸ்க் பழுதாகாமல் இருந்தால், உபுண்டு லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவில் கணினியைத் தொடங்கி, கோப்புகளை வெளியே நகலெடுக்கலாம். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் மட்டும் அதன் 48 இலக்க மீட்பு எண் கையில் வேண்டும். நகலெடுத்ததை வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டே பழையதில் கை வையுங்கள்.

செங்கல்பட்டு டிடிபி கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களையும் மறக்காமல் நகலெடுங்கள். அவை இல்லாவிட்டால், பத்து வருடம் முன்பு அடித்த கல்யாணப் பத்திரிகை பத்திரமாகவே இருக்கும். திறந்தால் மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் புரியாத ஆங்கில எழுத்துகள்தான் நிற்கும்.