பெஞ்சில் உட்காருபவனுக்கு எவ்வளவு?

ஞாயிற்றுக்கிழமை காலை ரந்தாவிலிருந்து அக்கா போன் செய்தார். "தம்பி, இவனுக்கு ஒரு கிளப்புல இடம் கிடைச்சிருக்கு. எட்டுப் பக்கத்துக்கு ஒப்பந்தம் கொடுத்திருக்காங்க. படிச்சா தலை சுத்துது. நீ கணக்குப் பார்க்கிறவன், ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போயேன்."

அக்கா மகனுக்குப் பதினேழு வயது. எஸ்.பி.எம். முடித்துவிட்டான். வலது ஓரத்தில் அவன் ஓடும் வேகத்தைப் பார்த்து ஒரு காற்பந்து கிளப் இளையோர் அணிக்கு அழைத்திருந்தது. பாலிடெக்னிக் போகட்டும் என்பது அக்காவின் ஆசை. பந்துதான் என்பது பையனின் முடிவு.

நான் போய் உட்கார்ந்ததும் கைப்பேசியை நீட்டினான். "மாமா, இவரைப் பாருங்க. ஹுவான் சோட்டோ. அமெரிக்காவுல பேஸ்பால் ஆடுறவரு. 76 கோடி டாலராம்! பந்து ஆடினா சோறு கிடைக்காதுன்னு அம்மா சொல்றாங்க."

தொகை உண்மைதான். 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அணி சோட்டோவுடன் 15 ஆண்டுகளுக்கு 76 கோடியே 50 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. சராசரியாக ஆண்டுக்கு 5 கோடியே 10 லட்சம் டாலர். அதற்கு ஓராண்டு முன்புதான் ஜப்பானியரான ஷோஹே ஓதானிக்கு லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி 10 ஆண்டுகளுக்கு 70 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

எனக்கு இந்தக் கதை கொஞ்சம் தெரியும். சினவாங் தொழிற்பேட்டையில் நான் வேலை செய்த அமெரிக்க நிறுவனத்துக்கு வரும் அதிகாரிகள் மதிய உணவின்போது பேஸ்பாலைத் தவிர வேறு எதுவும் பேச மாட்டார்கள். ஆட்டம் எனக்குப் புரியவில்லை. ஆனால் சம்பளக் கணக்கு புரிந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் ஞாபகம்தான் வரும்.

அப்பாவும் ஓர் ஆட்டக்காரர்

அறுபதுகளில் எங்கள் தோட்டத்தில் எல்லாத் தோட்டங்களையும் போலக் கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, ஒரு பந்துத் திடல் இருந்தன. காலையில் பெரட்டு, பிறகு பால்மரம் வெட்டு, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு மாலையில் பந்து. அப்பா தோட்டக் குழுவின் நடு ஆட்டக்காரர்.

ஒருமுறை பக்கத்துத் தோட்டக் குழுவை அப்பாவின் இரண்டு கோல்கள் வீழ்த்தின. அந்தத் தோட்டத்துக் கிராணி ஆள் அனுப்பினார். "எங்க குழுவுக்கு வந்து ஆடு, உனக்கு ஸ்டோர்ல வேலை போட்டுத் தரோம்." வெயிலிலும் மழையிலும் மரம் வெட்டுபவருக்கு ஸ்டோர் வேலை பெரிய விஷயம். ஆனால் அப்பா போகவில்லை. வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும். தாத்தாவும் பாட்டியும் அதே வீட்டில் இருந்தார்கள். மளிகைக் கடையில் பாக்கியும் இருந்தது. அப்பா கடைசி வரை அதே தோட்டத்துக்கு ஆடினார், அதே கூலிக்கு.

பின்னாளில் இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருக்காது. "நல்லா ஆடத் தெரிஞ்சிருந்துச்சு. நகரத்தான் முடியல" என்பார்.

கட்டிப் போட்ட ஷரத்து

அமெரிக்கப் பேஸ்பாலிலும் நீண்ட காலம் இதே நிலைதான். ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமை கிளப்புக்கு இருந்தது. அவர் வேறு கிளப்பிடம் பேரம் பேச முடியாது. கிளப் நினைத்தால் அவரை இன்னொரு கிளப்புக்கு மாற்றிவிடலாம். ஆட்டத்தின் மிகப் பெரிய நட்சத்திரமான பேப் ரூத்தே 1930இல் வாங்கியது ஆண்டுக்கு 80,000 டாலர். அது அன்று மலைக்க வைத்த தொகை.

இந்த நிலையை மாற்றியதில் ஒரு தொழிற்சங்கவாதிக்குப் பெரும் பங்கு உண்டு. எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பொருளியல் நிபுணராக இருந்த மார்வின் மில்லர் 1966இல் பேஸ்பால் ஆட்டக்காரர் சங்கத்தின் பொறுப்பை ஏற்றார். அவர் முதலில் கைவைத்தது நட்சத்திரங்களின் சம்பளத்தில் அல்ல, அடிமட்டச் சம்பளத்தில். 6,000 டாலராக இருந்த குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 1968இல் 10,000 ஆனது.

அடுத்து, செயின்ட் லூயிஸ் அணிக்கு 12 பருவங்கள் ஆடிய கர்ட் ஃப்ளட். 1969இல் அவரைக் கேட்காமலேயே பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். வாங்கவும் விற்கவும் தான் ஒரு சரக்கு அல்ல என்று சொல்லி அவர் நீதிமன்றம் போனார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கையும் ஏறக்குறைய அத்தோடு முடிந்தது.

ஆனால் கதவு ஆட்டம் கண்டுவிட்டது. 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ், ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரண்டு ஆட்டக்காரர்கள் விரும்பிய கிளப்புக்குப் போகலாம் என்று தீர்ப்பளித்தார். அதன் பிறகுதான் சம்பளம் ஏறியது. 1979இல் நோலன் ரயன் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலரைத் தொட்டார். 2000இல் அலெக்ஸ் ரோட்ரிகஸ் 10 ஆண்டுகளுக்கு 25 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டார். இன்று சோட்டோ.

ஆட்டம் அதே ஆட்டம். தொலைக்காட்சிப் பணம் பெருகியது உண்மை. ஆனால் அந்தப் பணத்தில் பங்கு கேட்க முடிந்தது, "வேறு இடம் போகிறேன்" என்று சொல்ல முடிந்ததால்தான்.

மேலே மட்டும் பார்க்காதே

இதைச் சொல்லிவிட்டு மருமகனிடம் கேட்டேன். "சோட்டோ சம்பளம் தெரியுது. அதே அணியில பெஞ்சுல உட்கார்ந்திருக்கிறவனுக்கு எவ்வளவு?"

அவனுக்குத் தெரியவில்லை. 2025இல் பேஸ்பாலின் முதல்நிலைப் போட்டிகளில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,60,000 டாலர். சங்கம் போராடி ஏற்றிய தொகை அது. அதற்குக் கீழே உள்ள சிறு லீக் ஆட்டக்காரர்களுக்கு 2022 வரை சங்கமே இல்லை. கீழ்நிலை அணிகளில் பலரின் ஆண்டுச் சம்பளம் 11,000 டாலர்தான். அவர்களும் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023இல் அவர்களின் குறைந்தபட்சச் சம்பளம் 26,200 டாலர் ஆனது. இருதரப்பும் ஆடியது ஒரே ஆட்டம்தான்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஐபிஎல் கணக்கு இதைவிட நன்றாகத் தெரியும். சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜனை 2017இல் பஞ்சாப் 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2024 ஏலத்தில் டில்லி 10 கோடியே 75 லட்சம் கொடுத்தது. அதே ஏலத்தில் ரிஷப் பந்த் 27 கோடி. ஆனால் அந்த ஏலத்தின் குறைந்தபட்ச அடிப்படை விலை 30 லட்சம். அதற்கும் விலைபோகாமல் வீடு திரும்பியவர்கள் பலர். அவர்கள் பெயரை யாரும் பகிர்வதில்லை.

நம் நாட்டில் 1989இல் பாதித் தொழில்முறை லீக் வந்தது, 1994இல் முழுத் தொழில்முறை. நெகிரி செம்பிலானும் 2009இலும் 2011இலும் மலேசியக் கிண்ணத்தை வென்றது. இங்கே ஆடிய எஸ்.குணாளன் சிலாங்கூருக்கும் பிறகு ஜொகூருக்கும் போனார். நகர முடிந்தவர் அவர். ஆனால் சம்பள பாக்கி என்ற செய்தியும் ஆண்டுதோறும் வருகிறது. பண நெருக்கடியால் மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் இரண்டும் 2023 பருவத்துக்கு உரிமம் பெறவில்லை.

தோட்டத்து மக்களான நமக்கு இது புதிய பாடமல்ல. ரப்பர் விலை ஏறினாலும் பால் வெட்டியவரின் கூலி தானாக ஏறியதில்லை. பி.பி.நாராயணன் போன்றவர்கள் ஆட்களைத் திரட்டி, 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பிறகுதான் நாடு முழுவதற்கும் ஒரே குரலில் பேச முடிந்தது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தது.

எட்டுப் பக்கத்தில் மூன்று வரி

பிறகு ஒப்பந்தத்தைப் படித்தேன். மாதம் 800 வெள்ளி, அதுவும் சம்பளமல்ல, 'படித்தொகை'. அதனால் சேமநிதி கிடையாது, சொக்சோ கிடையாது. காயம்பட்டால் செலவு யாருடையது என்று ஒரு வரிகூட இல்லை. ஆறாம் பக்கத்தில், மூன்று ஆண்டுகள் முடிந்ததும் கிளப் விரும்பினால் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு அதே தொகைக்கு நீட்டிக்கலாம். பையனின் விருப்பம் அதில் எங்கும் இல்லை.

அந்த வரியை அவனிடமே படிக்கக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தான். "மாமா, இது தாத்தா கதை மாதிரி இருக்கு" என்றான்.

மறுவாரம் மூவரும் கிளப்புக்குப் போனோம். மூன்று கோரிக்கைகள் வைத்தோம். நீட்டிப்பு வரியை எடுத்தார்கள். மருத்துவச் செலவு தங்களுடையது என்று எழுதிக் கொடுத்தார்கள். தொகையை மட்டும் ஏற்றவில்லை, சேமநிதியும் இல்லை. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று நினைவூட்டினேன். "இது வேலை இல்லைங்க, பயிற்சி" என்றார்கள்.

அக்காவுக்கு அது மனக்குறைதான். "காசு ஏறலையே தம்பி" என்றார் காரில். கடைசியில் ஓராண்டுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டோம். பாலிடெக்னிக் விண்ணப்பத்தையும் அனுப்பிவிட்டான். இரண்டும் அவன் கையில் இருக்கட்டும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பந்தோடோ மட்டையோடோ இருக்கலாம். ஒப்பந்தம் வந்தால், முதலில் பெரிய தொகையைப் பார்க்காதீர்கள். எத்தனை ஆண்டு, காயத்துக்கு யார் பொறுப்பு, வெளியேற வழி எங்கே என்று பாருங்கள். அணியில் கடைசி ஆளுக்கு என்ன கொடுக்கிறார்கள், அது மாதாமாதம் வந்து சேருகிறதா என்று ஏற்கெனவே ஆடும் பிள்ளைகளிடம் கேளுங்கள். நம் நாட்டிலும் தொழில்முறைக் காற்பந்து ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது. அதன் கதவைத் தட்டத் தயங்காதீர்கள்.

சென்ற வாரம் மருமகன் போன் செய்தான். முதல் ஆட்டம் முடிந்திருந்தது.

"எப்படிடா ஆடுன?"

"ஆடல மாமா. பெஞ்சுலதான் இருந்தேன். ஆனா காசு வந்துருச்சு."