வளையமும் மணிக்கட்டும்

கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பஞ்சாபில் பல்லோ கே என்ற சிற்றூரில் பிறந்த சத்னாம் சிங் பமராவின் உயரம் 2.18 மீட்டர். கையை நீட்டிச் சற்றே எம்பினால் போதும், வளையம் அவர் பிடிக்குள் வந்துவிடும். அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் ஆண்டுதோறும் டிராஃப்ட் நடக்கும். அணிகள் முறை வைத்துப் புதுமுக வீரர்களை எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி அது. 2015 ஜூன் 25 அன்று நடந்த டிராஃப்டில் டாலஸ் மாவரிக்ஸ் அணி சத்னாமை 52ஆவது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல் முறை. ஆனால் ஒரு என்.பி.ஏ. ஆட்டத்தில்கூட அவர் களமிறங்கவில்லை.

இத்தாலியின் மார்கோ பெலினெல்லி 1.96 மீட்டர். சத்னாமைவிட ஒரு சாண் குள்ளம். அவர் 2007 முதல் 2020 வரை 13 சீசன்கள் அதே லீகில் ஆடினார். 2014இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியோடு கோப்பையும் வென்றார். வளையத்துக்குக் கிட்டத்தில் இருப்பவருக்கு இடமில்லை. எட்டத்தில் இருப்பவருக்குப் பதின்மூன்று ஆண்டுகள். இது எப்படி? வளையத்தை அளந்து பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

வளையத்தின் உள்விட்டம் 45.7 செ.மீ. பந்தின் விட்டம் ஏறத்தாழ 24 செ.மீ. இரண்டு பந்துகளை ஒன்றாக நுழைக்கப் பார்த்தால் இரண்டே செ.மீ. சொச்சம்தான் இடிக்கும். இவ்வளவு தாராளமான வாய்க்குள் ஒற்றைப் பந்தைப் போடுவது ஏன் இத்தனை கடினம்? ஒரு தாம்பாளத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் முழு வட்டம் தெரியும். மெல்லச் சாய்த்தால் வட்டம் ஒடுங்கி முட்டை வடிவாகும். வந்து சேரும் பந்தின் பார்வையில் வளையமும் அப்படித்தான். பந்து செங்குத்தாக விழுந்தால் 45.7 செ.மீ. முழுதும் திறந்திருக்கும். 45 டிகிரி சாய்வில் வந்தால் திறப்பு 32 செ.மீ. ஆகச் சுருங்கும். 30 டிகிரியில் வந்தால் 23 செ.மீ.க்கும் குறைவு, பந்து வளையத்தில் படாமல் நுழைய வழியே இல்லை.

அப்படியானால் வானத்தைப் பார்த்து எறிந்து, நேர் மேலிருந்து விழவைத்தால் என்ன? உயரமாக எறிய வேகம் அதிகம் வேண்டும். வேகம் கூடக்கூடக் கையின் சிறு பிசகும் பெரிதாகும். தாழ எறிந்தால் வாய் சுருங்குகிறது, உயர எறிந்தால் குறி சிதறுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல கோணம் ஒளிந்திருக்கிறது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சில்வர்பெர்க், டிரான் என்ற இரு பொறியியல் ஆய்வாளர்கள் யாரும் தடுக்காமல் நின்று எறியும் ‘ஃப்ரீ த்ரோ’க்களை லட்சக்கணக்கில் கணினியில் எறிந்து பார்த்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடை 52 டிகிரி. கோணமானி இல்லாமலே நல்ல வீரர்களின் கை அதன் பக்கத்தில் போய் நிற்கிறது.

இப்போது இன்னும் தள்ளி நிற்போம். உள்ளிருந்து போட்டால் இரண்டு புள்ளி, வெளியிலிருந்து போட்டால் மூன்று என்று பிரிக்கும் மூன்று புள்ளிக் கோடு, என்.பி.ஏ.வில் மூலைகள் நீங்கலாக வளையத்தின் நடுவிலிருந்து 7.24 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. தலைக்குச் சற்று மேலிருந்து 50 டிகிரி கோணத்தில் எறிவதாக வைத்துக் கணக்குப் போட்டால், பந்து மணிக்கு சுமார் 32 கி.மீ. வேகத்தில் கையை விட்டுக் கிளம்ப வேண்டும். ஒன்றேகால் வினாடி பறந்து, 45 டிகிரி சாய்வில் வளையத்தை அடையும். இதில் வேகம் நூற்றில் ஒரு பங்கு கூடிவிட்டால்? பந்து 16 செ.மீ. தள்ளிப் போய்விடும். வளையத்தில் படாமல் விழவேண்டுமென்றால் வேகப் பிசகு ஆயிரத்தில் நான்கு பங்கைத் தாண்டக் கூடாது. இடவலத்தில் ஒரு டிகிரிகூடத் திரும்பக் கூடாது. எதிராளி கையை நீட்டிக்கொண்டு பாய்ந்து வரும்போது, மூச்சிரைக்க ஓடிவந்த உடல் இந்தத் துல்லியத்தைக் காட்ட வேண்டும்.

பிசகை மன்னிக்க ஓர் உபாயம் உண்டு. அது கையை விட்டுப் போகும் கடைசிக் கணத்தில் இருக்கிறது. மணிக்கட்டு மடங்க, விரல்நுனிகள் பந்தின் பின்புறத்தைக் கீழ்நோக்கி வருடிவிடும். பந்து முன்னே போய்க்கொண்டே, எறிந்தவரை நோக்கிப் பின்பக்கமாக உருளும். இதற்குப் பின்சுழற்சி என்று பெயர். வினாடிக்கு 3 சுற்று போதும் என்கிறது அதே ஆய்வு. மூன்று புள்ளி தூரத்தைக் கடப்பதற்குள் பந்து ஏறத்தாழ 4 முறை தன்னைத்தானே சுற்றிவிடும்.

அந்த நான்கு சுற்றுகள் செய்யும் வேலை அலாதியானது. பின்சுழற்சியில் பந்தின் அடிப்பாகம் முன்னோக்கி ஓடுகிறது. அது வளையத்தின் விளிம்பைத் தொட்டதும் உராய்வு அதைப் பின்னுக்கு இழுத்து, வேகத்தைக் குறைக்கிறது. வெளியே தெறித்திருக்க வேண்டிய பந்து விளிம்பிலேயே தயங்கி உள்ளே விழுகிறது. பின்னாலுள்ள பலகையில் பட்டால் அங்கே பந்தின் முகம் மேல்நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்; உராய்வு அதைக் கீழே தள்ளும். கீழே காத்திருப்பது வலை. விளிம்பில் மூன்று முறை தட்டி உள்ளே விழும் பந்தைப் பார்த்து ‘லக்’ என்கிறோம். அந்த அதிர்ஷ்டத்தில் பாதியை எறிந்தவரின் விரல்கள் முன்கூட்டியே எழுதி அனுப்பியிருக்கின்றன.

2014 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த மூன்று புள்ளிப் போட்டியில் பெலினெல்லி இதைச் செய்து காட்டினார். ஐந்து இடங்களில் ஐந்தைந்து பந்துகள், மொத்தம் 25. நேரம் 60 வினாடி. ஒரு பந்துக்கு 2.4 வினாடிதான் கணக்கு. அதில் பாதிக்கு மேல் பந்து பறப்பதற்கே போய்விடும் என்பதால், எறிந்தது என்ன ஆனது என்று நின்று பார்க்க அவகாசம் இல்லை. முதல் பந்து காற்றில் இருக்கும்போதே கை அடுத்ததை எடுத்திருக்கும். இறுதிச் சுற்றில் பெலினெல்லியும் வாஷிங்டன் அணியின் பிராட்லி பீலும் 19 புள்ளிகளோடு சமநிலையில் நின்றார்கள். சில பந்துகளுக்கு இரண்டு புள்ளி உண்டு; சமன் முறிக்கும் சுற்றில் அதிகபட்சமான 34க்கு 24 எடுத்து பெலினெல்லி வென்றார். களைத்த காலோடு முந்தைய சுற்றைவிட நன்றாக எறிந்தார். கண் பார்த்துத் திருத்தும் வேலையாக இருந்தால் இது நடக்காது. கணுக்கால், முழங்கால், இடுப்பு, முழங்கை, மணிக்கட்டு என்று விசை ஒவ்வொரு மூட்டாக ஏறி விரல்நுனியில் இறங்கும் வரிசையை உடல் மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

கையை விட்ட பந்து பறக்கும் வளைபாதைக்குப் பரவளையம் என்று பெயர். எறியப்பட்ட பொருள் பரவளையத்தில் செல்கிறது என்று நிறுவியவர் இத்தாலியின் பைசா நகரில் பிறந்த கலிலியோ. 1638இல் வெளியான ‘இரு புதிய அறிவியல்கள்’ என்ற நூலில் அது இருக்கிறது. அதே நூலில் இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு: உருவம் பெரிதாகும்போது உடலின் எடை அதன் வலிமையை முந்திக்கொண்டு ஏறும். எலும்பின் வலிமை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. எடையோ கனஅளவைப் பொறுத்தது. பெலினெல்லியை அப்படியே பெரிதாக்கி சத்னாமின் உயரத்துக்குக் கொண்டுவந்தால் எலும்பின் குறுக்குப் பரப்பு 24 விழுக்காடு கூடும். எடை 38 விழுக்காடு கூடிவிடும். ஒவ்வொரு குதிப்பிலும், ஒவ்வொரு திரும்பலிலும் முழங்கால் அந்த வித்தியாசத்தைச் சுமக்கிறது. எட்டத்திலிருந்து எறிபவருக்கான விதியும் உயரமானவருக்கான விதியும் 377 ஆண்டுகளாக ஒரே நூலில் அருகருகே காத்திருந்தன. 2015இல் இரண்டும் சத்னாமைச் சந்தித்தன.

ஏன் 2015? மூன்று புள்ளிக் கோட்டை என்.பி.ஏ. 1979இல் வரைந்தபோது ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக மூன்று தடவைகூட அங்கிருந்து எறியவில்லை. 2014–15 சீசனில் அது 22 ஆனது. 2023–24இல் 35. காரணம் எளிய பெருக்கல். கிட்டத்திலிருந்து இரண்டில் ஒன்று விழுந்தால் ஓர் எறிதலின் மதிப்பு 1 புள்ளி. எட்டத்திலிருந்து நூற்றுக்கு 36 விழுந்தாலே மதிப்பு 1.08. இந்தக் கணக்கு அணிகளுக்கு உறைத்ததும் ஆட்டம் வளையத்தின் அடியிலிருந்து கோட்டுக்கு வெளியே விரிந்தது. வளையத்தடியில் நின்று ஆளும் பேருருவங்களும் கோடு வரை ஓடிப்போய்த் தடுக்க வேண்டியதாயிற்று. அதே 2015 ஏப்ரலில் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணிக்காக சிம் புல்லர் களமிறங்கினார். கனடாவில் பிறந்த பஞ்சாபியர், 2.26 மீட்டர் உயரம், என்.பி.ஏ.வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர். மூன்று ஆட்டங்களோடு அவர் வாய்ப்பு முடிந்தது. இருவரும் நுழைந்தபோது கதவின் அளவு மாறிக்கொண்டிருந்தது.

இத்தாலியருக்கும் அந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை. 1995இல்தான் வின்சென்சோ எஸ்பொசிட்டோ டொராண்டோவுக்கும், ஸ்டெஃபானோ ருஸ்கோனி பீனிக்ஸுக்கும் ஆடப் போனார்கள். அதன் பிறகு 2006 டிராஃப்டில் ஆந்திரேயா பார்ன்யானி முதல் ஆளாகவே எடுக்கப்பட்டார். ஐரோப்பியர் ஒருவருக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல் தடவை. 2008இல் டானிலோ கலினாரி ஆறாவது ஆள். இவர்கள் திடீரென முளைத்தவர்கள் அல்லர். கலினாரியின் தந்தை மிலான் நகரின் ஒலிம்பியா கிளப்பில் ஆடியவர். பெலினெல்லி பதினைந்து பதினாறு வயதிலேயே விர்டுஸ் போலோன்யா கிளப்பின் பெரியவர்கள் அணிக்குள் வந்துவிட்டார். ஊருக்கு ஊர் கிளப், அதன் கீழே பையன்கள் அணி, அதற்கும் கீழே மினிபாஸ்கெட்.

மினிபாஸ்கெட்தான் இந்தக் கதையின் மிக எளிய அதிசயம். சிறுவர்களுக்கு வளையத்தை 2.60 மீட்டருக்கு இறக்கிவிடுவார்கள். பந்தும் சிறியது, ஏறத்தாழ அறுநூறு கிராம் எடையுள்ள பெரிய பந்துக்குப் பதில் சுமார் அரை கிலோ. 3.05 மீட்டர் என்பது உடலியல் ஆராய்ந்து வைத்த அளவு இல்லை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகளை உடற்பயிற்சிக் கூடத்து மாடத்தின் விளிம்பில் அறைந்தார். மாடம் பத்தடி உயரத்தில் இருந்தது. பத்து வயதுப் பிள்ளையை அந்தப் பத்தடிக்கு எறியச் சொன்னால், இரு கையாலும் பந்தை இடுப்பிலிருந்து தூக்கி வீசும். அந்த வீச்சில் கோணம் இல்லை, பின்சுழற்சி இல்லை, மணிக்கட்டுக்கு வேலையே இல்லை. உடல் அதையே மனப்பாடம் செய்துகொள்ளும். வளையம் இறங்கிவந்தால் முதல் நாளிலிருந்தே மணிக்கட்டு மடங்கப் பழகும்.

நம் பக்கம் ஆட்டம் தாமதமாக வந்துவிடவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அந்தச் சென்னையிலிருந்து வந்த அனிதா பால்துரை இந்திய மகளிர் அணிக்குத் தலைமையேற்று, 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். 2017இல் தில்லிக்கு அருகே என்.பி.ஏ. ஒரு பயிற்சி அகாடமி தொடங்கியது. அங்கே வளர்ந்த பிரின்ஸ்பால் சிங் 2021இல் சாக்ரமெண்டோவின் கோடைக்கால லீக் கோப்பை அணியில் இடம்பெற்றார். சத்னாம் பதினான்கு வயதில் ஃபுளோரிடாவுக்குப் போய்க் கற்றதை, பிரின்ஸ்பால் இந்தியாவிலேயே தொடங்கினார்.

என்.பி.ஏ. தூரத்துக் கனவு. அதைவிடக் கிட்டத்தில் இருப்பது, நம் காரைக்கால் பகுதி அம்பகரத்தூர் பள்ளிப் பிள்ளையின் கையில் ஒரு நல்ல எறிதல். உயரம் பெற்றோர் தருவது; அதில் நாம் செய்ய ஒன்றுமில்லை. 50 டிகிரியும் பின்சுழற்சியும் பழக்கம் தருவது. அதில் செய்ய எல்லாமே இருக்கிறது. அம்பகரத்தூரானாலும் திருநள்ளாறானாலும் ஒரு பள்ளித் திடலில் இரும்புக் கம்பத்தின் வளையத்தை 45 செ.மீ. கீழே இறக்கப் பெரும்பணம் தேவையில்லை. ஒரு வெல்டரும் அரைநாள் வேலையும் போதும். இத்தாலி தன் பிள்ளைகளுக்குச் செய்துகொடுத்த முதல் உதவி அந்த 45 செ.மீ.தான். நாமும் அதிலிருந்து தொடங்குவோம்.