படத்தில் பார்த்த கிருமி நம் பக்கத்து ஊர்க் கிருமி!



தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் நேயர்கள் பேசுவதைத் தொகுத்து எழுதுவது இந்தப் பக்கத்தின் வழக்கம். இம்முறை கோலா சுங்கை பாருவில் கூடினோம். தலைப்பு, "கொல்லும் கிருமியைப் பற்றிய திகில் படங்கள்: பாடமா, பயமுறுத்தலா?"

எல்லாரும் பார்த்து வரும்படி முன்கூட்டியே சொல்லியிருந்த படம் 'கன்டேஜியன்'. ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கி 2011ஆம் ஆண்டு வெளிவந்த ஹாலிவுட் படம். ஹாங்காங்கிலிருந்து அமெரிக்கா திரும்பும் ஒரு பெண் இருமலும் காய்ச்சலுமாகப் படுக்கிறாள். சில நாட்களில் இறக்கிறாள். அதன் பிறகு உலகமே படுக்கிறது. கோவிட் வந்த 2020ஆம் ஆண்டில் இந்தப் பழைய படத்தை மக்கள் மீண்டும் தேடித் தேடிப் பார்த்தார்கள்.

வந்திருந்தவர்களின் கருத்து மூன்றாகப் பிரிந்தது.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கற்பனை. படம் ஓட வேண்டுமென்று பயமுறுத்துகிறான்" என்றார் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் இளைஞர்.

"இந்த மாதிரிப் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டக்கூடாது. என் மகள் இரண்டு நாள் யார் கையையும் தொடவில்லை" என்றார் ஓர் இல்லத்தரசி.

மூன்றாவதாக எழுந்தவர் ஓய்வுபெற்ற மருத்துவ உதவியாளர். மெல்லிய குரலில்தான் பேசினார். "கற்பனை என்று சொன்ன தம்பிக்கு ஒரு விஷயம். அந்தப் படத்தின் கடைசிக் காட்சி நடந்த இடம் எங்கே தெரியுமா? லிங்கி ஆற்றைத் தாண்டினால் அந்தப் பக்கம்தான்!"

மண்டபத்தில் சத்தம் அடங்கிவிட்டது. அவர் சொன்னது என்ன என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

கடைசிக் காட்சியின் கதை

படம் முழுக்க 'கிருமி எங்கிருந்து வந்தது' என்பதைச் சொல்லாமல் வைத்திருந்து, கடைசி ஓரிரு நிமிடங்களில் காட்டுகிறார்கள். காட்டை அழிக்கிறது ஒரு புல்டோசர். மரத்தில் தொங்கிய வௌவால்கள் கலைந்து பறக்கின்றன. ஒரு வௌவால் வாழைப்பழத்தைக் கடித்து, மீதியைப் பன்றிக் கொட்டகையில் போடுகிறது. பன்றிக்குட்டி அதைத் தின்கிறது. பன்றி சமையற்கட்டுக்குப் போகிறது. சமையற்காரர் கையைக் கழுவாமல் வந்து அந்தப் பெண்ணிடம் கைகுலுக்குகிறார். அவ்வளவுதான்!

வௌவால், பழம், பன்றி, மனிதன். இந்தச் சங்கிலி ஹாலிவுட்டில் பிறந்ததல்ல. நம் நாட்டில் 1998, 1999ஆம் ஆண்டுகளில் நடந்த நிப்பா நோயின் சங்கிலி அது. படத்தின் கற்பனைக் கிருமியை நிப்பாவை ஆதாரமாக வைத்துத்தான் உருவாக்கினார்கள். கிருமியியல் அறிஞர் இயன் லிப்கின் படக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தார்.

நிப்பா என்ற பெயரும் நம்முடையதே. சதுப்பு நிலத்தில் வளர்ந்து, அத்தாப்புக் கூரைக்கு ஓலை தரும் மரம்தான் நிப்பா. அதன் பெயரைக் கொண்ட கம்போங் சுங்கை நிப்பா, நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில் இருக்கிறது. அந்தக் கிராமத்து நோயாளி ஒருவரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கிருமி என்பதால் கிராமத்தின் பெயரே கிருமிக்கும் ஒட்டிக்கொண்டது. பாவம், ஊர் என்ன குற்றம் செய்தது?

கொசுவைத் துரத்திய மாதங்கள்

நோய் முதலில் தலைகாட்டியது 1998 செப்டம்பர் வாக்கில், பேராக்கில் ஈப்போவைச் சுற்றிய கிந்தா வட்டாரத்தில். காய்ச்சல், தலைவலி, வாந்தி, பிறகு மயக்கம், குழப்பம், நினைவிழப்பு. பன்றிப் பண்ணைக்காரர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். 'ஜெ.இ.' எனப்படும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் கருதினார்கள். அதிலும் ஒரு நியாயம் இருந்தது. ஜெ.இ. கிருமியும் பன்றியின் உடலில் பெருகும். கொசு அதை மனிதனுக்குக் கொண்டுவரும்.

எனவே கொசுவுக்குப் புகை அடித்தார்கள். ஜெ.இ. தடுப்பூசி போட்டார்கள். நோயோ நின்றபாடில்லை.

சில விஷயங்கள் பொருந்தவில்லை. ஜெ.இ. பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பெரியவர்கள், உழைக்கும் ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். கொசு ஆள் பார்த்தா கடிக்கும்? ஆனால் இந்த நோய் பெரும்பாலும் பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களையே தேடிப் பிடித்தது. சீனர்களே பெரும்பாலோர், பண்ணைகளில் கூலி வேலை செய்த இந்தியர்களும் இருந்தார்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, பன்றிகளும் நோயுற்றிருந்தன. தூரத்திலிருந்தே கேட்கும்படி குரைப்பது போல் இருமின.

இதற்குள் பேராக்கில் நோய் கண்ட வட்டாரத்துப் பன்றிகளை விலை குறைத்துத் தெற்கே விற்றார்கள். பன்றியோடு கிருமியும் லோரி ஏறியது. ஆண்டு இறுதிக்குள் நெகிரி செம்பிலானுக்கு வந்துவிட்டது. நாட்டின் மிகப் பெரிய பன்றி வளர்ப்பு வட்டாரங்களில் ஒன்றான புக்கிட் பெலாண்டோக்கில் அது காட்டுத்தீயாகப் பரவியது.

1999 மார்ச்சில்தான் திருப்பம் வந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியின் முதுகுத்தண்டு நீரிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். அது ஜெ.இ. போல நடந்துகொள்ளவில்லை. அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். அது வேறு குடும்பத்துக் கிருமி! தட்டம்மை, பொன்னுக்குவீங்கி ஆகியவற்றின் கிருமிகள் சேர்ந்த குடும்பம். உலகம் அதுவரை அறியாத புதிய கிருமி.

எதிரி கொசு அல்ல, பன்றி என்று தெரிந்தவுடன் வழியும் தெரிந்தது. இராணுவத்தையும் இறக்கிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். 1999 மே மாதத்துக்குள் நோய் அடங்கியது. அதற்குள் 265 பேர் பாதிக்கப்பட்டு, 105 பேர் உயிரிழந்திருந்தார்கள். நூற்றுக்கு நாற்பது என்று சொல்லலாம். மலேசியப் பன்றிகளைக் கையாண்ட சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு நோய் கண்டு, அவர்களில் ஒருவர் இறந்தார். பிழைத்தவர்களிலும் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்துக்கூட மூளைக்காய்ச்சல் திரும்பி வந்தது.

வௌவால் குற்றவாளியா?

"அப்படியானால் வௌவால்களைக் கொன்றுவிட வேண்டியதுதானே?" என்று கேட்டார் ஒரு மாணவர்.

நல்ல கேள்வி. நாம் 'கெலுவாங்' என்று சொல்லும் பெரிய பழந்தின்னி வௌவால்தான் இந்தக் கிருமியின் சொந்த வீடு. தியோமான் தீவில் வௌவால்களின் சிறுநீரிலிருந்து டாக்டர் சுவாவின் குழு இதே கிருமியைப் பிரித்தெடுத்தது. ஆனால் வௌவாலுக்கு அதனால் நோய் வருவதில்லை. மனிதனைத் தேடி அது வரவுமில்லை. முதலில் நோய் கண்ட பெரிய பண்ணையில் பன்றிக் கொட்டகைகளை ஒட்டியே மாமரங்களை வளர்த்திருந்தார்கள். பழம் தின்ன வௌவால் வந்தது. கடித்த மிச்சம் கொட்டகையில் விழுந்தது.

1997, 1998இல் நாட்டைச் சூழ்ந்த புகைமூட்டமும் வறட்சியும் காட்டில் பழங்களைக் குறைத்து வௌவாலை விரட்டின என்று ஒரு கருத்து உண்டு. பின்னாளைய ஆய்வுகள், பழமரமும் பன்றியும் நெருக்கமாக இருந்த பண்ணை அமைப்பையே முக்கியக் காரணமாகக் காட்டின. ஆக, மரத்தைத் தள்ளி வைத்திருந்தால் போதும். மேலும், காட்டு மரங்களின் பூக்களுக்கு மகரந்தம் சேர்ப்பதும் இதே வௌவால்தான். டுரியானுக்கும் அது துணை. வௌவாலை அழித்தால் நட்டம் நமக்கு!

படம் எங்கே மிகைப்படுத்துகிறது?

இங்கே முதல் இளைஞருக்கும் ஒரு பங்கு நியாயம் கொடுக்க வேண்டும். படத்தில் வரும் கிருமி, கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே பரவுகிறது. உண்மையான நிப்பா அப்படிப்பட்டதல்ல. மலேசியாவில் அது பன்றியிடமிருந்து மனிதனுக்குத் தாவியது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியது மிக மிக அரிது. வங்காளதேசத்திலும் இந்தியாவிலும் வந்த நிப்பா சற்று வேறு வகை. அங்கே நோயாளியை நெருங்கிக் கவனித்தவர்களுக்குத் தொற்றியது. வங்காளதேசத்தில் வௌவால் வாய் வைத்த பச்சை ஈச்சஞ்சாற்றைக் குடித்தவர்களுக்கும் வந்தது.

படத்தில் சுகாதார அதிகாரியாக வரும் கேட் வின்ஸ்லெட் பலகையில் ஒரு கணக்கு எழுதுவார். ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்ற வைக்கிறார் என்ற கணக்கு. அது ஒன்றுக்கு மேல் போனால் நோய் பெருகும். ஒன்றுக்குக் கீழே வந்தால் தானே அடங்கும். நிப்பா ஒன்றுக்குக் கீழே நிற்கும் நோய். ஆனால் கொல்லும் வேகத்தில் கோவிட்டைவிடப் பல மடங்கு கொடியது. அதன் கொடுமையையும் சளிக்காய்ச்சலின் பரவும் வேகத்தையும் ஒன்றாகக் கலந்ததே படத்தின் கற்பனை.

நம் தமிழ்ப் படங்களும் கிருமியை விட்டு வைக்கவில்லை. 2008இல் வந்த 'தசாவதாரம்' படத்தில் கிருமிக் குப்பியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். கடைசியில் உப்பும் சுனாமியும் வந்து காக்கின்றன. 2011இல் வந்த '7ஆம் அறிவு' படத்தில் போதிதர்மர் பரம்பரை காப்பாற்றுகிறது. ரசித்துப் பார்க்கலாம். ஆனால் உண்மையில் கிருமியைப் பிடிப்பவர் கதாநாயகன் அல்ல. "கணக்கு உதைக்கிறதே" என்று சந்தேகப்படும் மருத்துவரும், "நேற்று யாரையெல்லாம் சந்தித்தீர்கள்?" என்று வீடு வீடாகக் கேட்கும் சுகாதார ஊழியருமே பிடிக்கிறார்கள்.

அந்த உண்மையைச் சொன்ன படம் மலையாளத்தில் 2019இல் வந்த 'வைரஸ்'. ஆஷிக் அபு இயக்கியது. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் வந்த நிப்பாவின் கதை. அரசுக் கணக்குப்படி 17 பேர் இறந்தார்கள். நோயாளிகளோடு தொடர்புடைய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தேடிக் கண்காணித்து நோயை நிறுத்தினார்கள். நோயாளியைக் கவனித்த தாதி லினி 2018 மே 21ஆம் தேதி இறந்தார். இறந்தவர்களை எரிக்க மயான ஊழியர்களே அஞ்சிய சம்பவங்களும் அங்கே நடந்தன.

கிருமியைவிட வேகமாகப் பரவுவது

மயானம் பற்றிப் பேச்சு வந்தபோது ஓர் அம்மா எழுந்தார். "1999இல் எங்கள் வீட்டுக்காரர் பன்றிப் பண்ணையில் வேலை செய்தார். அவருக்கு நோய் இல்லை. ஆனால் மளிகைக் கடையில் காசைக் கையில் வாங்கமாட்டார்கள், மேசையில் வைக்கச் சொல்வார்கள்" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நடத்துநராக நான் அடுத்தவரிடம் ஒலிவாங்கியைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்க முடியவில்லை. ஏனென்றால் அது எங்கள் வீட்டுக் கதையும்கூட.

என் தாய்மாமா அப்போது பன்றி ஏற்றும் லோரியில் கெலிண்டான். வேலை நின்றதும் தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு வந்தார். எனக்கு ஒன்பது வயது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வாசலுக்கு வருவதை நிறுத்தினார்கள். மாமாவைப் பின்கட்டில் தனியாகப் படுக்க வைத்தோம். ஒருநாள் எனக்குப் பிடித்த பிஸ்கட் பொட்டலத்தை வாங்கி வந்து நீட்டினார். நான் வாங்காமல் ஓடிவிட்டேன். அவருக்குக் காய்ச்சல்கூட வரவில்லை. அந்தப் பொட்டலம் திண்ணையிலேயே கிடந்தது.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, எங்கள் வரிசையில் ஒரு குடும்பத்துக்குக் கோவிட் என்றார்கள். எல்லாரும் கதவைச் சாத்தினோம். அந்த வீட்டு கேட்டில் தினமும் சோறும் ரசமும் கட்டித் தொங்கவிட்டு, தள்ளி நின்று குரல் கொடுத்துவிட்டு வந்தவர் மாமாதான். முகக்கவசம் போட்டிருந்தார், வந்ததும் கையைக் கழுவினார். விலகி நிற்பது வேறு, விலக்கி வைப்பது வேறு என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். மன்னிப்பு இன்னும் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தை அவர் படிப்பார்.

'கன்டேஜியன்' படத்தில் ஜூட் லா ஏற்ற பாத்திரம் ஒன்று உண்டு. மூலிகை மருந்து ஒன்றால் குணமாகிவிட்டதாகப் பொய் சொல்லி மக்களை மருந்துக்கடைகளுக்கு முன் அடித்துக்கொள்ள வைப்பான். "கெலுவாங் இறைச்சி இழுப்புக்கு நல்லது" என்று இன்றும் சொல்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் அல்லவா? கிருமியைவிட வேகமாகப் பரவுவது வதந்தியும் ஒதுக்கலும்தான்.

முடிவாக...

1999க்குப் பிறகு நம் நாட்டில் மனிதர்களிடையே நிப்பா மீண்டும் கண்டறியப்படவில்லை. ஆனால் மனிதர்களுக்கு அனுமதி பெற்ற தடுப்பூசியோ தனி மருந்தோ இன்னும் வரவில்லை, சோதனைகள் நடக்கின்றன. அதனால் சில பழக்கங்கள் நம் கையில்தான். வௌவாலோ அணிலோ கடித்த பழத்தை, கடித்த பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டுத் தின்னாதீர்கள். முழுதாகத் தூக்கிப் போடுங்கள். பழத்தைக் கழுவித் தோலுரித்துச் சாப்பிடுங்கள். கால்நடைக் கொட்டகைக்கு மேல் பழமரக் கிளை நீளாமல் பாருங்கள். நோயுற்ற பிராணியை விற்காதீர்கள். கால்நடைச் சேவை இலாகாவுக்குச் சொல்லுங்கள்.

"பாடமா, பயமுறுத்தலா?" என்று கடைசியில் கை தூக்கச் சொன்னேன். பாடம் என்ற பக்கம் அதிகக் கைகள். செம்பனைத் தோட்டத்து இளைஞரின் கையும் அதில் இருந்தது. மகளுக்குப் பயம் வந்ததாகச் சொன்ன அம்மா மட்டும், "காட்டுங்கள், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லிக் காட்டுங்கள்" என்றார். அதுவே சரியான தீர்ப்பு என்று எனக்குத் தோன்றியது.

உங்கள் வீட்டில் என்ன தீர்ப்பு? எழுதுங்கள். அடுத்த வாரம் வேறொரு தலைப்பில் சந்திப்போம்.