உங்களுக்குத் தெரியுமா? விளிம்பில் எழுத்தே இல்லாத டாலர்!

அமெரிக்க நாணயச்சாலை 2007-இல் முன்னாள் அதிபர்கள் நினைவாக ஒரு டாலர் நாணய வரிசையைத் தொடங்கியது. முதல் நாணயம் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு. அதில் ஆண்டு, நாணயச்சாலைக் குறி, ‘கடவுளை நம்புகிறோம்’ என்ற வாசகம் எல்லாம் விளிம்பில்தான். அவற்றைப் பொறிக்கத் தனி இயந்திரம். ஆயிரக்கணக்கான வாஷிங்டன் நாணயங்கள் அந்த இயந்திரத்துக்குள் போகாமலே, மொழுமொழு விளிம்போடு புழக்கத்துக்கு வந்துவிட்டன!

சேகரிப்பாளர்கள் தேடும் பிழை இதுதான். எழுத்து தலைகீழாக இருந்தால் அது பிழையே அல்ல. நாணயங்கள் இயந்திரத்துக்குள் எந்தப் பக்கமாகவும் போகும். அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

அசல் எடை 8.1 கிராம், விட்டம் 26.5 மி.மீ. எழுத்தை அராவி எடுத்த போலிகளும் உண்டு; அவற்றின் விளிம்பில் அரத்தின் கீறல் தெரியும். வாங்குமுன் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.