விரையும் காரைப் படம்பிடித்தல்

உத்தரப்பிரதேசத்தின் கிரேட்டர் நொய்டாவில் புத்த் பன்னாட்டுப் பந்தயத் தடம் உள்ளது. அங்கு 2011 முதல் 2013 வரை ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. அத்தகைய தடத்தில் விரையும் காரைத் தொடக்கநிலைக் கேமராவாலும் அழகுறப் படம்பிடிக்கலாம்.

மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஒரு நொடியில் 50 மீட்டர் கடக்கும். கேமராவின் ஷட்டர் 1/125 நொடி திறந்திருந்தால், அதற்குள் கார் 40 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், படம் தெளிவிழக்கும். 1/1000 நொடியாகக் குறைத்தால் கார் தெளிவாகப் பதியும். ஆனால், சக்கரங்களும் அசையாதவைபோல் தோன்றும். ஓடும் கார் நிறுத்தி வைத்த கார்போல் காணப்படும்.

விரைவும் தெளிவும் ஒருங்கே அமைய வழி உண்டு. ஷட்டரை 1/125 நொடியிலேயே வைத்து, கால்களை ஊன்றி நின்று, காரின் போக்கிற்கேற்ப இடுப்பிலிருந்து உடலைச் சீராகத் திருப்ப வேண்டும். பொத்தானை அழுத்திய பின்னும் திருப்புவதை உடனே நிறுத்தலாகாது. அப்போது கார் தெளிவாகவும் பின்புலம் கோடுகளாகவும் பதியும். இம்முறை 'பேனிங்' எனப்படும்.

தொடக்கத்தில் பல படங்கள் பிழைபடும். ஆகவே, 1/500 நொடியில் தொடங்கிப் படிப்படியாக 1/125 நொடிக்கு வருதல் நலம். சாலையோரம் பாதுகாப்பாக நின்று, கடந்து செல்லும் மிதிவண்டிகளைப் படம்பிடித்தும் பழகலாம். அதற்கு 1/30 நொடி ஏற்றது. விலை உயர்ந்த கருவியினும் பயின்ற கையே பெரிதும் உதவும்.

சிந்தித்து எழுதுக: மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், 1/250 நொடியில் எவ்வளவு தொலைவு நகரும்?